படையலுக்கு முன்னாடி நான் சாப்பிட்டேன்

என்னை இடுப்பில் தூக்கிச் சுமந்த என் செல்விக்காவுக்கு,

முதல்லயே சொல்லிடறேன். போன ஞாயித்துக்கிழமை உனக்கு முதல் வருஷத் திதி. உனக்குப் படையல் போடறதுக்கு முன்னாடியே நான் சாப்பிட்டுட்டேன். மூணு இட்லி, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை, கொஞ்சம் வெள்ளரிக்காய். வீட்டுல இருந்தே டப்பாவில கொண்டு போனேன். உன் அடுப்படியில முக்காலியை இழுத்துப் போட்டு, எல்லாரும் பாக்க உக்காந்து சாப்பிட்டேன். மத்தவங்க வந்து உன் காதுல ஓதறதுக்கு முன்னாடி நானே எழுதிடறேன். மன்னிப்புக் கேக்கறதுக்காக எழுதல.

அடுப்படியில ஏழெட்டுப் பொம்பளைங்க. ஒருத்தர் வாயிலயும் பச்சைத் தண்ணி படல. உன் மக தர்ஷினி விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, குளிச்சு, ஈரத் தலையோட சமைச்சுக்கிட்டு நிக்கறா. நான் டப்பாவைத் திறந்ததும் உன் பெரிய நாத்தனார் கையில கரண்டியோட அப்படியே நின்னுட்டாங்க. "ஏன்டி மல்லிகா, செத்தவளுக்கு இன்னும் இலை போடல. அதுக்குள்ள உக்காந்து முழுங்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?" ன்னாங்க. நான் வாயில இருந்ததை நிதானமா மென்னு முழுங்கிட்டுத்தான் பதில் சொன்னேன். "எட்டு மணிக்கு ஊசி போட்டேன் அண்ணி. அரை மணி நேரத்துல சாப்பிடணும். வெக்கம் பாக்க நேரமில்ல."

ஆமாக்கா, நானும் ஊசிக்காரி ஆயிட்டேன். நீ போன மூணாவது மாசமே மாத்திரை போதாதுன்னு இன்சுலினுக்கு மாத்திட்டாங்க. அம்மா நமக்குச் சொத்துன்னு ஒண்ணும் எழுதி வைக்கல. இனிப்பு நீரை மட்டும் ரெண்டு பேருக்கும் சரிபாதியா பிரிச்சுக் குடுத்துட்டுப் போயிருக்காங்க.

சத்தம் கேட்டு அத்தான் வந்தார். நல்ல மனுஷன், உனக்குத் தெரியாததா? சண்டை போடற ஆள் இல்ல. "மல்லி, இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கக் கூடாதாம்மா?" ன்னு மெதுவாத்தான் கேட்டார். நானும் மெதுவாத்தான் சொன்னேன். "அக்காவும் ஒரு நாள்தான் அத்தான் பொறுத்துக்கிட்டா."

அத்தான் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வெளிய போயிட்டார். அவர் முதுகைப் பாத்தப்ப பாவமாத்தான் இருந்துச்சு. ஆனா சொன்னதைத் திருப்பி எடுக்கல. எதுக்கு எடுக்கணும்?

ஊசி போட ஆரம்பிச்ச அன்னைக்கு கிளினிக்கில ஒரு மலாய்க்கார மிஸ்ஸி என்னை உக்கார வச்சு ரெண்டு விஷயம் சொல்லிக் குடுத்தாங்க. சின்னப் பொண்ணுதான், ஆனா நர்ஸ் உடுப்புல பாத்தா பள்ளிக்கூட டீச்சர் மாதிரி மிரட்டல். முதல் விஷயம் சாப்பாடு. ரெண்டாவது விஷயத்தை அப்புறம் சொல்றேன், அதை எழுதறதுக்குக் கொஞ்சம் தெம்பு வேணும்.

ஒரு தட்டை வரைஞ்சு காட்டினாங்க. பாதித் தட்டு காய், கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நம்ம தட்டுல காய்ங்கறது சோத்து மலைக்குப் பக்கத்துல ஓரமா ஒண்டிக் கிடக்கும்ல. ஆனா மாத்திட்டேன்க்கா. பாசார்ல காங்கோங் கீரை கட்டுக் கட்டா வாங்கறேன். பாலும் சீனியும் போட்டு ஆத்தற தே தாரேக்கை விட்டுட்டு, ரெண்டும் போடாத வெறும் தே ஓ குடிக்கறேன். முதல் வாரம் பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருந்துச்சு, இப்ப பழகிப் போச்சு. சாயங்காலம் புக்கிட் காத்தில்ல எங்க தாமான் வீட்டு வரிசைங்களைச் சுத்தி நாலு சுத்து நடக்கறேன். சிலிப்பர் போட்டு நடந்ததுக்கு மிஸ்ஸி திட்டினாங்க, கால்ல ஒரு சின்னப் புண்ணு வந்தாக் கூட ஆறாதாம். இப்ப பஞ்சாபி சூட்டுக்குக் கீழ வெள்ளை ஷூ. பாத்தா நீ விழுந்து விழுந்து சிரிப்ப.

உடனே பெரிய உத்தமின்னு நினைச்சுக்காத. மழை பெஞ்சா நடக்க மாட்டேன். தீபாவளி அன்னைக்கு முறுக்கு டின்னைத் திறந்தவ, அடி தெரியற வரைக்கும் மூடல. மறுநாள் ஊசியால விரலைக் குத்திப் பாத்தா மெஷினே என்னை முறைச்சுது. சரிதான் போன்னு மறுபடியும் காங்கோங் வாங்கப் போனேன். பழக்கம்ங்கறது அவ்வளவுதான் போல லா, விட்ட இடத்துல இருந்து திரும்பப் பிடிக்கறதுதான்.

இதெல்லாம் கூட வந்துருச்சுக்கா. வராம மல்லுக்கட்டினது ஒண்ணே ஒண்ணு. நேரத்துக்கு உக்காந்து, மத்தவங்களுக்கு முன்னாடி சாப்பிடறது.

யோசிச்சுப் பாரு. இருபத்தஞ்சு வருஷமா குருபோங் ஃபேக்டரியில வேலை செய்யறேன். பத்து மணிக்கு மணி அடிச்சா கையில இருக்கறதை அப்படியே வச்சுட்டு கேன்டீனுக்குப் போறேன். சூப்பர்வைசர் பசியாறிட்டாரா, மேனேஜர் சாப்பிட்டாரான்னு கேட்டுக்கிட்டா போறேன்? அங்க என் பசி என் பசி. சாயங்காலம் வேன்ல வந்து இறங்கி வீட்டு கேட்டைத் திறந்ததும் அந்தப் பசி எங்க போய் ஒளியுது? அவர் வரட்டும், பையன் வரட்டும்னு சோத்துப் பானையைப் பாத்துக்கிட்டு நிக்கறேன். யாருக்கா இதை நமக்குச் சொல்லிக் குடுத்தது? யாரும் வாய் விட்டுச் சொன்னதா எனக்கு ஞாபகமே இல்ல.

முதல் நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு போன்ல அலாரம் அடிச்சுது. தட்டுல போட்டுக்கிட்டேன். அடுப்படிக் கதவைச் சாத்திட்டு நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். என் வீட்டுல, என் சம்பளத்துல வாங்கின அரிசியை, திருடி மாதிரி அவசர அவசரமா தின்னேன். தொண்டையில சிக்கி விக்கல் வந்துருச்சு. அப்பதான் எனக்கு என் மேலயே கோபம் வந்துச்சு.

மூணாவது நாள் கதவைத் திறந்து வச்சு மேசையில உக்காந்தேன். எங்க வீட்டுக்காரர் அன்னைக்குப் பாத்து சீக்கிரம் வந்துட்டார். என்னைப் பாத்து, "என்னா, உடம்பு சரியில்லையா?" ன்னு கேட்டார். பாத்தியா நியாயத்தை? பொண்டாட்டி முதல்ல சாப்பிட்டா அவளுக்குக் காய்ச்சலாத்தான் இருக்கணும். "உடம்பு நல்லா இருக்கணும்னுதான் சாப்பிடறேன். உங்களுக்கு மூடி வச்சிருக்கு, போட்டுக்குங்க"ன்னேன். நாலு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தார். அஞ்சாம் நாள் தட்டை எடுத்துட்டு வந்து எனக்கு எதுக்க உக்காந்தார். இப்ப காய் கொஞ்சமா இருந்தா, "காய் எங்க?" ன்னு கேக்கறார். சாப்பிட்ட தட்டைக் கழுவ மட்டும் இன்னும் கை வரல. அது அடுத்த சண்டை, தனியா வச்சிருக்கேன்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு பெரியவங்க சொல்லி வச்சாங்க. நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு அது தலைகீழ். பந்திக்குக் கடைசி, படைக்கு முதல் ஆள். நீ அதுல பட்டம் வாங்கினவ. "நீங்க சாப்பிடுங்க, எனக்குப் பசிக்கல." வாழ்க்கை பூரா இந்த ஒரே பொய்யைச் சொன்ன. நாங்களும் அதை நம்பற மாதிரி நடிச்சோம். உன் கருமாதியில கூட, "தான் சாப்பிடாம ஊருக்கே போட்ட மகராசி"ன்னு பேசினாங்க. அப்ப அதைக் கேட்டு அழுதேன். இப்ப நினைச்சா கோபம் வருது. அவங்க மேல மட்டும் இல்ல, உன் மேலயும்தான். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்னு உனக்கு யாருமே சொல்லலையா?

சரி, திதிக் கதைக்கு வர்றேன். பதினொன்றரைக்குப் படையல் போட்டாங்க. தலைவாழை இலையில மீன் சம்பால், முருங்கைக்கீரை, உளுந்து வடை, பாயசம், எல்லாம் உனக்குப் பிடிச்சது. சாம்பிராணி போட்டு விழுந்து கும்பிட்டோம். அப்புறம் காக்காவுக்கு ஒரு இலையை அத்தான் பின்பக்கச் சுவர் மேல வச்சு, "கா, கா"ன்னு கூப்பிட்டார். உங்க ஊரு நியாலாஸ்ல காக்காவுக்கா பஞ்சம்? மத்த நாள்ல குப்பைத் தொட்டியைக் கவுத்துப் போட்டுக் குடும்பம் நடத்தும். அன்னைக்குப் பாத்து ஒண்ணு வரல. ரெண்டு மைனா வந்துச்சு. உன் நாத்தனார் கையைத் தட்டி விரட்டிட்டாங்க, மைனா கணக்குல சேராதாம்.

பன்னெண்டு மணி. பன்னெண்டே முக்கால். காக்கா தொட்டாத்தான் நாம சாப்பிடணும்னு உத்தரவு. ஆனா வாசல்ல பந்தல்ல உக்காந்திருந்த ஆம்பளைங்களுக்கு ரெண்டு தடவை கோப்பி போயிருச்சு, ஒரு பெரிய தட்டு, கிழங்கு வச்சுப் பொரிச்ச காரிபாப் போயிருச்சு. அது சாப்பாட்டுல சேராதாம். இதை நான் சும்மா எழுதல, என் கண்ணால பாத்தேன்.

அப்பதான் உன் நாத்தனார் எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னாங்க. "எப்படி வரும்? கூடப்பொறந்தவளே முன்னாடி தின்னுட்டு உக்காந்திருக்கா. அவ ஆத்துமா கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு."

அக்கா, எனக்கு உடம்பெல்லாம் பத்திக்கிச்சு. எழுந்து அடுப்படி வாசப்படியில நின்னேன். அத்தானுக்கும் கேக்கணும்னு சத்தமாவே சொன்னேன். "எங்கக்கா என் மேல கோவிச்சுக்கணும்னா இந்த மூணு இட்லிக்கு இல்ல. வேற ஒண்ணு இருக்கு. அதை நான் ஒன்பது மாசமா முழுங்கிக்கிட்டு இருக்கேன்."

அங்க சொன்னதை உனக்கும் சொல்றேன். அன்னைக்கு நீயும் இருந்த, ஆனா உனக்கு நினைவு தெரிஞ்சிருக்காது.

உன் பெரியவனுக்கு நிச்சயதார்த்தம். காலையில ஏழரைக்கு நீ ஊசி போட்டதை நான் பாத்தேன். "பசியாறுக்கா"ன்னேன். "இதோ, இந்த வேலை முடியட்டும்"ன்ன. பொண்ணு வீட்டுக்காரங்க வழியில ஜாம்ல மாட்டி ஒரு மணிக்குத்தான் வந்தாங்க. அப்புறம் தட்டு மாத்தினாங்க, பந்தி போட்டாங்க. முதல் பந்தி ஆம்பளைங்க, ரெண்டாவது பந்தி விருந்தாளிங்க, நீ குழம்பு வாளியோட ஓடற. ரெண்டரை மணிக்கு அடுப்படியில அரிசி மூட்டை மேல போய் உக்காந்த. ரவிக்கை தொப்பலா நனைஞ்சிருந்துச்சு. கை நடுங்குது. என்னை "அம்மா"ன்னு கூப்பிட்ட. "களைப்பு"ன்னு ஒருத்தர் சொன்னாங்க. "கண்ணு பட்டிருக்கு"ன்னு இன்னொருத்தர் மிளகாயைச் சுத்திப் போட்டாங்க.

பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா காக் ரோஸ் விருந்துக்கு வந்திருந்தாங்கல்ல, அவங்கதான் ஓடி வந்தாங்க. கையில ஒரு கிளாஸ் ஆயர் சிராப், சிவப்புச் சீனிப்பாகு கலந்த தண்ணி. "இதைக் குடிக்க வை, உடனே"ன்னு உன் வாய்கிட்ட கொண்டு வந்தாங்க. அந்த கிளாஸை நான்தான்க்கா பிடுங்கினேன். "அவளுக்கு இனிப்பு நீர், தெரியாதா? சிராப்பைக் குடுத்துக் கொல்லப் பாக்கறீங்களா?" ன்னு அந்த மனுஷி மேல எரிஞ்சு விழுந்து, எல்லாத்தையும் சிங்க்ல ஊத்தினேன். உன்னை ரூம்ல படுக்க வச்சு ஃபேனைப் போட்டேன். "தூங்கட்டும், யாரும் எழுப்பாதீங்க"ன்னு கதவைச் சாத்தினதும் நான்தான். உன்னைக் காப்பாத்தறதா நினைச்சேன். அஞ்சு மணிக்கு எழுப்பினா நீ எழுந்திருக்கல. ஆஸ்பத்திரியில மூணு நாள் கண்ணைத் திறக்காம கிடந்து போயிட்ட.

கிளினிக்கில அந்த மிஸ்ஸி சொன்ன ரெண்டாவது விஷயம் இதுதான். ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம இருந்தா ரத்தத்துல சீனி ஏறாது, கீழ இறங்கும். வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சு குழறினா, முழுங்கற நினைவு இருக்கறப்பவே இனிப்புத் தண்ணி குடுக்கணும். நினைவு தப்பிட்டா வாயில எதையும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்கு ஓடணும். "அந்த நேரத்துல இனிப்புதான் மருந்து"ன்னாங்க. நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். இன்னொரு தடவை சொன்னாங்க. எழுந்து டாய்லெட்டுக்குப் போய் கதவைச் சாத்திக்கிட்டு, குழாயைத் திறந்து விட்டு அழுதேன். உன் உசுரு அந்த கிளாஸ்ல இருந்துச்சுக்கா. நான் அதை ஊத்திட்டேன்.

இதைத்தான் ஞாயித்துக்கிழமை எல்லார் முன்னாடியும் சொன்னேன். "எனக்குத் தெரியாமப் போச்சு, அதனால எங்கக்கா போயிட்டா. இப்ப தெரியும். தெரிஞ்சும் ஊசியைப் போட்டுக்கிட்டு காக்கா வர்ற வரைக்கும் காத்திருந்தா, அது பக்தி இல்ல அண்ணி, பைத்தியக்காரத்தனம்"ன்னேன்.

அத்தான் பந்தல் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அவர் என்னை அடிச்சிருந்தாக் கூட வாங்கிக்கிட்டிருப்பேன்.

தர்ஷினிதான் முதல்ல அசைஞ்சா. அலமாரியில இருந்து ஒரு தட்டை எடுத்தா. கீரையை அள்ளிப் போட்டா, சோறு கொஞ்சம் வச்சா, ஒரு துண்டு மீன். வந்து என் முக்காலிக்குப் பக்கத்துல தரையில உக்காந்தா. "சின்னம்மா, எனக்கு ஒரு மணி நேரமா தலையைச் சுத்துது. சொன்னா திட்டுவாங்கன்னு நின்னுக்கிட்டு இருந்தேன்"ன்னா. இருபத்தாறு வயசு, கணக்காளர் ஆபீஸ்ல பத்துப் பேரை வேலை வாங்கறவ, தலை சுத்துதுன்னு சொல்லப் பயப்படறா. உன் நாத்தனார் "ஏய் தர்ஷினி, காக்கா…" ன்னு ஆரம்பிச்சாங்க. அவ நிமிர்ந்து கூடப் பாக்காம, "வர்றப்ப வரட்டும் அத்தை. எங்கம்மா நான் பட்டினி கிடக்கறதைப் பாக்கவா வரப் போறாங்க?" ன்னு சொல்லிட்டு முதல் வாயை எடுத்து வச்சா.

அப்புறம் உன் சம்பந்தியம்மா ஒரு தட்டை எடுத்தாங்க. அவங்களுக்குப் பின்னாடி இன்னும் ரெண்டு பேர். காக்கா கடைசியில வந்துச்சா வரலையா, எனக்குத் தெரியாது. நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம்.

உன் நாத்தனார் என்கிட்ட பேசறதில்ல. நல்லதாப் போச்சு. நான் கிளம்பறப்ப அத்தான் காடிக் கதவு வரைக்கும் வந்து, "பாத்துப் போம்மா"ன்னார். அது மன்னிச்சதா, இல்ல எப்பவும் சொல்றதா? நானும் கேக்கல, அவரும் சொல்லல. மறுநாள் காக் ரோஸ்க்கு போன் பண்ணி, எரிஞ்சு விழுந்ததுக்கு மன்னிப்புக் கேட்டேன். அந்த மனுஷி என்னோட சேர்ந்து அழுதாங்க. மன்னிப்பை அவங்ககிட்டதான் கேக்கணும், கேட்டுட்டேன். உன்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு எனக்கு இன்னும் தெரியலக்கா.

இப்ப தினமும் ஏழு மணிக்கு தர்ஷினிக்கு வீடியோ கால் போடறேன். ரெண்டு பேர் தட்டும் தெரியணும், அதுதான் சட்டம். செவ்வாக்கிழமை பேசிக்கிட்டு இருக்கறப்ப பின்னாடி உன் சின்னவன் குரல். "சம்பால் எங்க இருக்கு?" ன்னு கத்தறான். அவ எழுந்திருக்கல. "கண்ணு இருக்குல்ல, தேடு லா"ன்னு சொல்லிட்டு மென்னுக்கிட்டே இருந்தா. சத்தியமா சொல்றேன், அந்த ஒரு வாய் அவ முழுங்கினதைப் பாத்தப்ப எனக்கு வயிறு நிறைஞ்சு போச்சு.

அந்தத் தலைவாழை இலையைத்தான் நான் இன்னும் நினைச்சுக்கிட்டே இருக்கேன். நடுக்கூடத்துல, சுடச்சுட, எல்லாருக்கும் முன்னாடி, உன் பேரைச் சொல்லிப் பரிமாறினாங்க. அத்தனை ஆம்பளைங்களும் கையைக் கட்டிக்கிட்டு நீ சாப்பிட்டு முடிக்கட்டும்னு காத்துக்கிட்டு நின்னாங்க. அந்த வீட்டுக்கு நீ வாழ வந்து முப்பது வருஷம். உனக்கு முதல் இலை கிடைக்கறதுக்கு நீ சாக வேண்டியிருந்துச்சு.

உன் மக அதுக்கு சாக மாட்டா. நானும் மாட்டேன். இது உனக்கு நான் குடுக்கற வாக்கு. எங்க முதல் இலையை நாங்க உசுரோட இருக்கறப்பவே, எங்க கையாலயே போட்டுக்குவோம்.

உன் ரத்தமும் உன் நோயும் ஓடற,
உன் ஒரே தங்கச்சி
மல்லிகா